கை காலில் மதமதப்பு, ரிப்போர்ட் எல்லாம் நார்மல், பயம் மட்டும் போகவில்லை

வடக்குப்பாதை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டுமே செய்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 34. சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். வேலை தோ பாயோவில், கட்டடங்களுக்குக் குளிர்சாதனக் குழாய் வரைபடம் போடும் அலுவலகம். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை மவுஸும் திரையும்தான். மனைவியும் மகளும் ஊரில்.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில், ஒரு காலை எழுந்திருக்கும்போது இடது கை சுண்டுவிரலும் பக்கத்து விரலில் பாதியும் மரத்துப்போயிருந்தன. உதறினேன், சரியாகிவிட்டது. மறுநாளும் அப்படியே. பிறகு மத்தியான நேரத்திலும் வர ஆரம்பித்தது. அப்புறம் பாதத்தில் குறுகுறுப்பு, முட்டிக்குக் கீழே ஊசி குத்தல், கெண்டைக்கால் சதை தானாகத் துடிப்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. ஒரு இடத்தில் நிற்பதில்லை. இப்போது இடது கால், பத்து நிமிடம் கழித்து வலது கை.

மோசமான நேரம் எம்ஆர்டி ரயிலில்தான். கதீப்பை விட்டால் இயோ சூ காங் வரை வண்டி நிற்காமல் ஓடுமே, அந்தத் தூரத்தில் இரண்டு கையும் சேர்ந்து மதமதக்கும், உதட்டைச் சுற்றி ஊசி குத்தும், நெஞ்சு படபடக்கும். கதவு திறந்ததும் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி என்று விட்டுவிட்டு, அலுவலகத்துக்குத் தாமதமாகப் போவது வழக்கமாகிவிட்டது.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை. அவருக்கும் முதலில் "பாதம் மதமதன்னு இருக்குடா" என்றுதான் ஆரம்பித்தது. ஒரு நாள் வலது கால் செருப்பு எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. அது தெரியாமலே கடைத்தெரு வரை நடந்து போய், கடைக்காரர் சொல்லித்தான் குனிந்து பார்த்திருக்கிறார். பிறகு அந்தக் காலில் புண் வந்து, ஆறாமல், தஞ்சாவூரில் கட்டைவிரலை எடுத்தார்கள். அதனால் இங்கே செருப்பு மாட்டும்போதெல்லாம் அதன் வார் என் காலில் படுவது தெரிகிறதா என்று நின்று பார்க்கிறேன்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.4. பி12, தைராய்டு, சிறுநீரகம் எல்லாம் சரி. நரம்பியல் நிபுணர் ஒருவர் சுத்தியலால் தட்டி, குதிகாலில் நடக்கச் சொல்லி, கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பார்த்தார். நரம்பில் மின்சாரம் செலுத்தும் சோதனையும் எடுத்தார்கள். "இடது முழங்கையில் நரம்பு லேசாக அழுந்துகிறது போலிருக்கிறது, கையை மடக்கி வைக்காதீர்கள், மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை" என்றார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் மத்தியானம், அந்தச் சோதனையில் பெரிய நரம்பு இழைகள்தான் தெரியும், சிறு இழைகளின் பாதிப்பு தெரியாது என்று எங்கோ படித்தேன். மறுபடி தொடங்கிவிட்டது. தசையை முடக்கும் ஏ.எல்.எஸ்., மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் எம்.எஸ்., மூளையில் கட்டி என்று ஒவ்வொரு இரவும் ஒவ்வொன்றைத் தேடுகிறேன். அலுவலகச் சமையலறையில் யாரும் இல்லாதபோது முன்பாதத்தில் நடந்து பார்க்கிறேன். இரண்டு கெண்டைக்காலையும் டேப் வைத்து அளக்கிறேன். டார்ச் அடித்துக் கண்ணாடியில் நாக்கு துடிக்கிறதா என்று பார்க்கிறேன். மனைவியிடம் வீடியோவில் "முகம் கோணியிருக்கா பாரு" என்று கேட்கிறேன். முன்பெல்லாம் உற்றுப் பார்த்துச் சொல்வாள். இப்போது கேள்வியை முடிக்கும் முன்பே "இல்லீங்க" என்கிறாள். மகள் பக்கத்திலிருந்து "அப்பா முகம் நல்லாருக்கு" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். திருச்சியில் மூளையிலிருந்து முதுகு வரை மொத்தமாக எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா? டாக்டர் தேவையில்லை என்றுதான் சொன்னார். ஆனாலும் எடுத்தால் நிம்மதி வருமா? இதே மாதிரி இருந்து, அதிலிருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வரைபடக்காரன் எழுதியது:

நண்பா, நானும் உங்கள் தொழில்தான். சுண்டுவிரலும் பக்கத்து விரலில் பாதியும் என்று நீங்கள் சொன்னதுமே புரிந்துவிட்டது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுரீரென்று ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு அந்த ஒன்றரை விரலுக்குத்தான் போகிறது. மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி மவுஸ் பிடித்தாலும், படுத்துக்கொண்டு கையை மடக்கி போனைப் பார்த்தாலும் அது அழுந்தும். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மரத்துப்போனால் அது மணிக்கட்டில் அழுந்தும் வேறு நரம்பு. எனக்கு அது இருந்தது. ராத்திரி விழிப்பு வந்து கையை உதறினால்தான் அடங்கும்.

நான் செய்தது: நாற்காலியை ஏற்றினேன். மேசை விளிம்பில் முழங்கை படாமல் முன்கை முழுதும் கைப்பிடியில் இருக்கும்படி வைத்தேன். படுக்கும்போது ஒரு சின்னத் துண்டை முழங்கையில் தளர்வாகச் சுற்றிக்கொள்ளுங்கள், தூக்கத்தில் கை முழுதாக மடங்காது. காலுக்கு, கால் மேல் கால் போட்டு உட்காருவதை விடுங்கள். முட்டிக்கு வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது, அது நசுங்கினால் பாதத்தின் மேல்பக்கம் வரை மரக்கும்.

எம்.ஆர்.ஐ. பற்றி என் கருத்து: கையில் காசு இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு தடவை பார்த்துவிட்டால் மனசு அடங்கிவிடும்.

தேக்கா சித்தப்பா எழுதியது:

தம்பி, இது நரம்புத் தளர்ச்சி. வெளிநாட்டில் தனியா கிடக்கிற பிள்ளைகளுக்கு வர்றதுதான். சாப்பாடும் நேரத்துக்குச் சாப்பிடறதில்லை, தூக்கமும் இல்லை. நரம்புக்குச் சத்து மாத்திரை எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், காலையில் ஒண்ணு ராத்திரி ஒண்ணு போடுங்க. ஊருக்குப் போறப்ப நல்ல வைத்தியர்கிட்ட லேகியம் வாங்கிட்டு வாங்க. நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளிங்க. ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாப்பாடு வேணும்னா எழுதுங்க, எங்க வீடு தேக்கா சந்தைக்குப் பக்கத்து பிளாக்தான்.

பழைய வார்டு எழுதியது:

தம்பி, நான் இங்கே ஒரு மருத்துவமனையில் நரம்பியல் வார்டில் நெடுங்காலம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. ஆனால் நீங்கள் பயப்படும் வியாதிகள் உள்ளவர்களைத் தினமும் பக்கத்திலிருந்து கவனித்தவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில், எதற்கு ஓட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் இதைப் படிப்பார்கள். திடீரென்று உடம்பின் ஒரு பக்கம் மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, கையைத் தூக்க முடியாமல் போவது: யோசிக்காமல் 995க்குக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ். காலில் பலவீனம் தொடங்கி நாளுக்கு நாள் மேலே ஏறுவது, படி ஏற முடியாமல் போவது: அன்றே அவசரப் பிரிவு. முதுகுவலியோடு தொடைநடுவே, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போய் சிறுநீர் போக முடியாவிட்டால்: அதுவும் அன்றே. இவற்றில் எதுவும் நீங்கள் எழுதியதில் இல்லை.

நீங்கள் எழுதியதைப் பார்ப்போம். ஏ.எல்.எஸ். என்பது தசையை இயக்கும் நரம்புகளைத் தாக்கும் நோய். தொடு உணர்ச்சி பெரும்பாலும் அப்படியே இருக்கும். அந்த நோயாளிகள் எங்களிடம் வரும்போது "சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, கையிலிருந்து சாவி விழுகிறது" என்றுதான் சொல்வார்கள், மதமதக்கிறது என்று வருவது அபூர்வம். எம்.எஸ். பூமத்திய ரேகையிலிருந்து தள்ளி இருக்கும் குளிர்நாடுகளில் அதிகம், நம் பக்கம் குறைவு. அதில் மரப்பு வந்தால் ஒரே இடத்தில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். பத்து நிமிடத்தில் இடது காலிலிருந்து வலது கைக்குத் தாவாது.

தசை துடிப்பதற்கு வருவோம். கண்ணிமை துடித்தால் நல்லது நடக்குமா கெட்டது நடக்குமா என்று பேசிக்கொள்வோமே தவிர, யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. கெண்டைக்கால் துடிப்பும் பெரும்பாலும் அதே வகைதான். தூக்கக் குறைவு, அளவுக்கு மேல் கோப்பி, தசைக் களைப்பு போதும். நீங்கள் தினமும் முன்பாதத்தில் நடந்து பார்க்கிறீர்கள். களைத்த கெண்டைக்கால் துடிக்கத்தான் செய்யும்.

அந்த ரயில் விஷயம் முக்கியம். இரண்டு கையும் சேர்ந்து, உதட்டைச் சுற்றி, கூடவே நெஞ்சுப் படபடப்பு. பயத்தில் நாம் அறியாமலே வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்குகிறோம். உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது, அதனால் ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் சுற்றும் கால்சியம் குறைகிறது. கால்சியம் குறைந்தால் நரம்புகள் தூண்டுதல் இல்லாமலே சுறுசுறுவென்று சமிக்ஞை அனுப்பும். விரல் நுனியும் உதடும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். மூச்சு தணிந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பெஞ்சில் உட்கார்ந்ததும் உங்களுக்கு அடங்குகிறதல்லவா? வண்டிக்குள் இருக்கும்போதே மூக்கு வழியாக மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விட்டுப் பாருங்கள். தயவுசெய்து இறங்காதீர்கள், அதிலேயே தொடர்ந்து போங்கள்.

அப்பாவைப் பற்றி. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, இங்கே இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போர் என்றே அறிவித்தது. சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு வழக்கமாக இரண்டு பாதத்திலும் சமமாக, விரல் நுனியில் தொடங்கி, மாதங்கள், வருடங்களாக மெல்ல மேலே வரும். உங்கள் 5.4 சர்க்கரை வியாதி எல்லைக்கும் அதற்கு முந்தைய நிலைக்கும் கீழே இருக்கிறது. பரவலாகப் பின்பற்றும் அளவுகோலில் முந்தைய நிலை 5.7இல் தொடங்குகிறது, 6.5 வந்தால்தான் சர்க்கரை வியாதி. அப்பாவுக்கு இருப்பதால் டாக்டர் சொல்லும் இடைவெளியில் அதைப் பாருங்கள், அது நியாயமான அக்கறை. செருப்பு வாரைத் தினமும் சோதிப்பதால் சர்க்கரை வராமலும் இருக்காது, முன்கூட்டித் தெரிந்தும் விடாது.

சித்தப்பாவின் அன்புக்கு மரியாதையோடு ஒன்று சொல்ல வேண்டும். நரம்புச் சத்து மாத்திரைகள் பலவற்றில் பி1, பி12உடன் பி6ம் அதிக அளவில் இருக்கும். பி6ஐ அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் அதுவே கை கால் மரப்பைக் கொண்டுவரும். மரக்கிறது என்று மாத்திரை போட்டு, மாத்திரையால் இன்னும் மரத்து, இன்னும் ஒன்று சேர்த்துப் போட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பி12 சரியாக இருக்கிறது, உங்களுக்கு அது தேவையில்லை. சுத்த சைவமாகச் சாப்பிடுகிறவர்களும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களும் பி12 பார்த்துக்கொள்வது நல்லது. லேகியத்தில் என்ன சேர்த்திருக்கிறது என்று தெரியாமல் சாப்பிடாதீர்கள். சிலவற்றில் ஈயமும் ஆர்செனிக்கும் அளவுக்கு மேல் இருந்திருக்கின்றன, இரண்டுமே நரம்பைக் கெடுப்பவை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மட்டும் கட்டாயம் போய்வாருங்கள்.

எம்.ஆர்.ஐ. விஷயத்தில் வரைபடக்காரனோடு எனக்கு உடன்பாடு இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத ஆட்களை எடுத்துப் பார்த்தாலே கழுத்திலோ இடுப்பிலோ டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருப்பது சர்வசாதாரணமாகத் தெரியும். முப்பது தாண்டினால் சொல்லவே வேண்டாம். ரிப்போர்ட்டில் அதை எழுதத்தான் செய்வார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நீங்கள் எத்தனை இரவு தூங்காமல் இருப்பீர்கள் என்பதை யோசியுங்கள்.

வடக்குப்பாதை எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. ரயிலில் நடப்பதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. படித்ததும் உடம்பே லேசானது. ஆனால் அந்தச் சிறு நரம்பு இழைப் பாதிப்பு பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதற்குத் தோலில் துளி எடுத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறதாமே? அதை மட்டும் எடுத்துவிட்டால் போதுமா?

ஜூரோங் டீச்சர் எழுதியது:

வடக்குப்பாதை, பழைய வார்டு அக்கா இதற்குப் பதில் எழுதும் முன் நான் குறுக்கே வருகிறேன். அக்காவிடம் ஒரு வேண்டுகோள்: இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாதீர்கள். காரணத்தைக் கடைசி வரை படியுங்கள், இரண்டு பேரும்.

நான் ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கிறேன், உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. அம்மா பக்கவாதத்தில் போனார்கள். காலையில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர்கள், மாவிலேயே கை நின்றுபோய், என்னைப் பார்த்து என்னவோ சொன்னார்கள், வார்த்தை வரவில்லை. அதற்குப் பிறகு எனக்கு இடது கை மதமதக்க ஆரம்பித்தது. நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் எனக்கும் நடந்தது, பெயர்கள்தான் வேறு. வகுப்புக்குள் போகும் முன் கழிப்பறைக் கண்ணாடியில் சிரித்துப் பார்ப்பேன், இரண்டு ஓரமும் சமமாக ஏறுகிறதா என்று. இரண்டு கையையும் நீட்டி ஒன்று தாழ்கிறதா என்று பார்ப்பேன். வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கினேன். அழுத்தம் ஏறியிருக்குமோ என்ற பயத்திலேயே எண் ஏறும், ஏறிய எண்ணைப் பார்த்து மறுபடி அமுக்குவேன். கணவரிடம் "நான் பேசறது தெளிவா இருக்கா" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நல்ல ரிப்போர்ட் எனக்கும் வந்தது, ஒன்றுக்கு மேல். வந்த அன்று நிம்மதி. அடுத்த ரிப்போர்ட்டின் நிம்மதி அதில் பாதி நேரம்தான் நின்றது. கடைசியில் கிளினிக்கைவிட்டு வெளியே வந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பதற்குள் "ஆனால்" வந்துவிடும். நீங்கள் மேலே எழுதியிருப்பதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அக்கா நேரம் எடுத்து அத்தனை விவரம் எழுதியிருக்கிறார். உடம்பே லேசானது என்கிறீர்கள். அதே பதிவில் "ஆனால்" வந்துவிட்டது. கொசுக்கடியைச் சொறிவது மாதிரிதான் இது. சொறியும்போது சுகமாக இருக்கும், அதனால்தான் மறுபடி அரிக்கிறது. தோல் சோதனை சரி என்று வந்தால் அடுத்தது ஒன்று கிடைக்கும், மருத்துவத்தில் பெயர்களுக்கா பஞ்சம்?

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஒரு இளம் டாக்டர்தான் என்னை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். முதலில் எனக்குக் கோபம். என் கை நிஜமாகவே மதமதக்கிறது, இவர் என்னைப் பைத்தியம் என்கிறார் என்று நினைத்தேன். அந்த ஆலோசகர் ஆரம்பத்திலேயே சொன்னது, "மதமதப்பு நிஜம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை." அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் திரும்பப் போனேன்.

அவர் செய்த ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். நாற்காலியில் உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்து, "நாம் இரண்டு பேரும் வேகமாக, ஆழமாக மூச்சு விடப்போகிறோம், நான் நிறுத்தச் சொல்லும் வரை" என்றார். ஆரம்பித்தோம். ஒரு நிமிடம் ஆவதற்குள் என் விரல் நுனிகள் சுறுசுறுத்தன. பிறகு மேலுதடு. பிறகு கன்னம். எந்த உணர்ச்சிக்காக இரவில் எழுந்து உட்கார்ந்து அழுதேனோ, அதே உணர்ச்சி, அணு பிசகாமல். "உங்களுக்கும் இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "எனக்கும் விரலெல்லாம் ஊசி குத்துகிறது" என்றார். அவருக்கு எந்த வியாதியும் இல்லை. மூச்சை மெதுவாக்கினோம், இரண்டு பேருக்கும் அடங்கியது. அதற்கு முன் இந்தக் கரியமில வாயு விவரத்தை நான் எத்தனையோ இடத்தில் படித்திருந்தேன். படித்தது உள்ளே போகவில்லை, அந்த அறையில்தான் போனது. இதை நீங்களாகத் தனியாக ரயிலில் செய்ய வேண்டாம், பழகியவர் கூட இருந்து செய்ய வேண்டியது. வலிப்பு, இதயநோய், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இது ஆகாது.

அப்புறம் வீட்டில் செய்தவை. பார்ப்பதையும் தேடுவதையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை, தள்ளிப்போடச் சொன்னார். கண்ணாடி பார்க்கத் தோன்றினால் அரைமணி கழித்துப் பார். அரைமணி கழித்தும் தோன்றினால் பார். பெரும்பாலும் அதற்குள் அடுப்பில் வேறு வேலை வந்துவிடும். ரத்த அழுத்தக் கருவியை அண்ணி வீட்டில் கொடுத்துவைத்தோம். போனை இரவில் சமையலறை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். எல்லாவற்றிலும் கஷ்டமானது கணவரிடம் கேட்பதை விடுவதுதான். அவரையும் அழைத்து உட்காரவைத்துப் பேசினார்கள். நான் கேட்டால் அவர் "ஒண்ணும் இல்ல" என்று சொல்லக்கூடாது. அதற்குப் பதிலாக "பயமா இருக்குன்னு தெரியுது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றதில்லன்னு பேசி வச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே இருக்க வேண்டும். முதல் வாரம் அவரை வெறுத்தேன். இப்போது யோசித்தால், அந்த நாள்களில் அவர் செய்ததைவிடப் பெரிய உதவியை எனக்கு யாரும் செய்ததில்லை.

உங்கள் மனைவியிடம் பேசுங்கள். முகத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்பதற்கு அல்ல, இனிமேல் கேட்டால் பதில் சொல்லாதே என்று சொல்வதற்கு. மகள் அந்தப் பதிலைப் பழகிக்கொண்டிருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோதுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

இதற்குச் சிகிச்சை இருக்கிறது. எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துப் பார்க்கும் இந்தப் பேச்சுச் சிகிச்சைக்குத்தான் நோய் பயத்தில் நல்ல ஆதாரம் இருக்கிறது. சிலருக்கு டாக்டர் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார், அதுவும் உதவும். எனக்கு இன்னும் மதமதப்பு வருகிறது. இன்று காலைகூட, கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போது இடது கையில் வந்தது. பாடத்தை முடித்துவிட்டுத்தான் அது போய்விட்டதைக் கவனித்தேன்.

வரைபடக்காரன் எழுதியது:

டீச்சர் எழுதியதைப் படித்த பிறகு எம்.ஆர்.ஐ. பற்றி நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நாற்காலி விஷயத்தை மட்டும் செய்யுங்கள் நண்பா. ஒரு சனிக்கிழமை தோ பாயோ பக்கம் வந்தால் உங்கள் மேசையை நானே பார்த்துச் சரி செய்து தருகிறேன்.

வடக்குப்பாதை எழுதியது:

டீச்சர், நேற்று இரவு இதைப் படித்துவிட்டு மனைவிக்கு அனுப்பினேன். அவள் உடனே கூப்பிட்டாள், ரொம்ப நேரம் பேசினோம். அழுதாள். "தினமும் நீங்க கேக்கறப்ப, நான் தப்பா பாத்துச் சொல்லிட்டா என்ன ஆகும்னு எனக்கே பயம் வர ஆரம்பிச்சிருச்சு" என்றாள். அது எனக்குத் தெரியவே தெரியாது. இனிமேல் பதில் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். திருச்சி எம்.ஆர்.ஐ. வேண்டாம்.

ஒரு சந்தேகம், இது வியாதி பற்றியது இல்லை. நான் வேலை அனுமதியில் இருக்கிறேன். மனநல ஆலோசனைக்குப் போனால் கம்பெனிக்குத் தெரியுமா? கூட வேலை செய்யும் பையன் ஒருவன், தெரிந்தால் புதுப்பிக்க மாட்டார்கள் என்று பயமுறுத்துகிறான். அதனால்தான் இத்தனை நாள் இந்தப் பக்கமே போகவில்லை.

பழைய வார்டு எழுதியது:

டீச்சர் சொன்னபடி தோல் சோதனைக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை தம்பி. உங்களைப் பார்த்த நிபுணருக்குத் தேவை என்று தோன்றியிருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

கம்பெனி விஷயம். டாக்டரும் ஆலோசகரும் உங்கள் விவரத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் முதலாளியிடம் சொல்லக்கூடாது. எம்சியில், அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழில், பொதுவாக எத்தனை நாள் ஓய்வு என்றுதான் இருக்கும், என்ன வியாதி என்று போடுவதில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கம்பெனிக் காப்புறுதியில் (இன்சூரன்ஸ்) பணம் கேட்டால் பில் அங்கே போகும். அதில் என்ன எழுதியிருக்கும் என்று முகப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒன்றுக்கு மட்டும் கைக்காசு கொடுங்கள்.

அதற்கும் முன்னால் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 1771 இருக்கிறது. 2025இல் தொடங்கிய தேசிய மனநல உதவி எண், இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. ரயிலில் இறங்கி பெஞ்சில் உட்காரத் தோன்றும் காலையில்கூடக் கூப்பிடலாம்.

டாக்டரிடம் போகும்போது இருக்கிற ரிப்போர்ட்டுகளை மொத்தமாக ஒரே உறையில் கொண்டுபோங்கள், புதிதாக எதுவும் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம். "வேறு சோதனைக்கு வரவில்லை, இந்தப் பயத்துக்காக வந்திருக்கிறேன்" என்று உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். கை காலில் ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கதீப் கதையை விடாமல் சொல்லுங்கள். டாக்டருக்கு அது ஒன்றே நிறைய விஷயத்தைச் சொல்லும்.

தேக்கா சித்தப்பா எழுதியது:

தம்பி, மாத்திரை வேண்டாம்னு அக்கா சொல்லிட்டாங்க, சரி. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்துடுங்க. வீட்டில் மீன் குழம்பு. பிளாக் எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கேன்.